சுவரில் சிரித்த சாகோர்கா

சாகோர்கா சிரித்தால் அத்தனை மெஷின் இரைச்சலையும் தாண்டிக் கட்டிங் டேபிள் வரை கேட்கும். ஆள் குள்ளம், தோள் அகலம், முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. எங்கள் ஷ்திப் ஊரில் பாதிப் பெண்கள் யாரோ ஒரு ஜெர்மன்காரனுக்கோ இத்தாலிக்காரனுக்கோ சட்டை தைத்துத்தான் சாப்பிடுகிறோம். எங்கள் கம்பெனி பிரெகால்னிட்சா ஆற்றுக்கு அந்தப் பக்கம், தகரக்கூரை போட்ட நீளமான கட்டடம். அங்கே அவள் காலர் வைப்பவள். நான் அடுத்த மெஷினில் கஃப் தைப்பவள். என் பெயர் திவ்னா.

அவளைப் பற்றி இன்றைக்கும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சிலர் வீராங்கனை என்கிறார்கள், சிலர் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அவள் இரண்டுமில்லை. என்ன நடந்தது என்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன். சொல்லும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அரசு நூற்பாலையில் சேர்ந்தவள் அவள். ஆலையை மூடியதும் கொஞ்ச காலம் சந்தையில் மிளகாய் விற்றாள். பஸ் ஓட்டும் பிளாகோயைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே மகள், இப்போது ஸ்லோவேனியாவில் நர்ஸ். எங்கள் கம்பெனி திறந்த வருஷமே சாகோர்கா உள்ளே வந்துவிட்டாள். அவளோடு ஆலையிலிருந்து வந்த இன்னொருத்தி நெவென்கா. சாகோர்காவின் கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நின்றவள். கம்பெனியில் நெவென்கா எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். ஆனதிலிருந்து அவள் கழுத்து நேராக நின்றுவிட்டது; எங்கள் யார் பக்கமும் திரும்புவதில்லை.

எங்கள் லைனில் கக்கூஸுக்குப் போக ஒரு டோக்கன் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் வில்லை, நெவென்காவின் மேஜையில் ஆணியில் தொங்கும். அதை எடுத்தவள் போகலாம். அவள் திரும்பி வந்து மாட்டும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அடிக்கடி எடுத்தால் மைக்கில் பெயரைச் சொல்லுவார்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்ணின் பெயரை, ஆண்கள் வேலை செய்யும் இஸ்திரிப் பக்கம் வரை கேட்கும்படி. இப்படி எழுதிய விதி எதுவும் சுவரில் இல்லை. ஆணியும் வில்லையும் மட்டும்தான்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். வேறு என்ன செய்வது? கோடையில் தகரக்கூரைக்குக் கீழே துணிப்பஞ்சு பறக்க, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, பாட்டிலை மூடியே வைத்திருப்போம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் லைனில் கிடையாது. பேருந்தில் மிட்டாயைப் பகிர்வதுபோல மாத்திரையைப் பகிர்ந்துகொள்வோம். சாகோர்காவுக்கு அது போய்ப் போய் வந்தது. கடைசியில் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. காய்ச்சலோடு வருவாள். லீவு போட்டால் வருகைப்படி போய்விடும். லீவே போடாமல் வந்தால் தரும் அந்தப் படி இல்லாமல் எங்கள் சம்பளம் சம்பளமே இல்லை. கம்பெனிக்கு வந்துபோகும் டாக்டரிடம் ஒருமுறை இடுப்பைக் காட்டினாள்.

"வயசாகுதில்லம்மா, மாதவிடாய் நிக்கிற நேரம். நிறைய தண்ணி குடிங்க, சரியாயிடும்" என்றார் அவர்.

"குடிச்சிட்டு எங்க டாக்டர் போறது? உங்க வீட்டுக்கா?" என்று கேட்டாள் சாகோர்கா.

அவர் சிரித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

உடம்பு மட்டும் என்றால் இவ்வளவு சொல்லமாட்டேன். ஒருநாள் கடைத்தெருவில் பிளாகோயைப் பார்த்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சா போதும் திவ்னா, இவ மூஞ்சி மாறிடுது. அடுப்படியில நின்னு அழறா. எதுக்குன்னு கேட்டா, தெரியல, நாளைக்குத் திங்கக்கிழமைங்கறா. பக்கத்து வீட்டுக் காலிங் பெல் அடிச்சாக்கூட கை வேர்த்துப்போவுது அவளுக்கு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

"எந்த டாக்டர்கிட்டன்னு காட்றது? திங்கக்கிழமைக்கு மருந்து எவன் வச்சிருக்கான்?"

லைனில் அவள் முன்போல் பாடுவதில்லை என்பதை நானும் கவனித்திருந்தேன். சிரிப்பு மட்டும் அப்போதும் இருந்தது.

அந்த வருஷம் இளவேனிலில் எங்கள் சட்டைகளை வாங்கும் ஜெர்மன் பையரிடமிருந்து ஏதோ உத்தரவு வந்தது. சட்டை தைப்பவர்களின் மன நலம், உடல் நலம் எல்லாவற்றையும் கம்பெனி பேண வேண்டும், பேணியதை அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று. டைரக்டர் கிளிகோர் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களைக் கூட்டினார். நல்ல உயரம், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை; எங்கள் சட்டையில்லை, வெளியில் வாங்கியது.

"இது கம்பெனி இல்ல, குடும்பம்" என்றார். "குடும்பத்துல யாருக்கு மனசு சரியில்லைன்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

பின்வரிசையிலிருந்து சாகோர்கா எனக்கு மட்டும் கேட்கும்படி, "அதான் கண்ணு இப்படி உப்பியிருக்கா" என்றாள்.

நூல்கண்டு அடுக்கும் அறையைக் காலி செய்து, வெளிர்பச்சை அடித்து, வெள்ளை சோபா நாற்காலிகள் போட்டார்கள். தரையில் பாய்கள், ஜன்னலோரம் செடி, குளிர்ந்த தண்ணீர் தரும் இயந்திரம், ஏ.சி. எங்கள் கூடத்தில் ஃபேனுக்கே ஆள் வந்து ரிப்பேர் பார்த்து வருஷமாகியிருந்தது. கதவில் 'ஆரோக்கிய அறை' என்று பலகை வைத்தார்கள். தலைநகர் ஸ்கோப்யேவிலிருந்து தாமரா என்ற இளம்பெண்ணை மனநல ஆலோசகராக வேலைக்கு வைத்தார்கள். தாமராவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல பெண். படித்ததை உண்மையென்று நம்பி வந்தவள்.

முதல் வகுப்பு தையல் கூடத்திலேயே நடந்தது. மெஷின்களுக்கு நடுவில் எங்களை நிற்கவைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

"கண்ண மூடிக்கங்க. மூக்கு வழியா ஆழமா மூச்ச இழுங்க. நல்ல விஷயங்கள் உள்ள வர்றதா நெனைச்சுக்கங்க."

சாகோர்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "தாமரா கண்ணு, இங்க இழுத்தா உள்ள வர்றது பருத்திப் பஞ்சுதாம்மா. நல்ல விஷயம் வரணும்னா அந்த ஜன்னலத் தொறக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். தாமராவும் சிரித்தாள். அப்புறம் அவள் நிஜமாகவே போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். அது ஆணியடித்திருந்தது. வெளியே துணியைத் தூக்கிப் போட்டுத் திருடுகிறோமாம், அதற்காக அடித்தது. தாமரா அந்த ஆணிகளைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பிறகு அவள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினாள். சாகோர்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: டோக்கன், மைக், இடுப்பு, ஞாயிற்றுக்கிழமை. தாமரா அதைக் கொண்டுபோய் கிளிகோரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதைத் தாமராவே பின்னால் எங்களிடம் சொன்னாள்: "உன்ன வச்சது அவங்க மனசச் சரிபண்றதுக்கு. என் லைனச் சரிபண்றதுக்கு இல்ல."

அதே வாரம் ஒரு புகைப்படக்காரர் வந்தார். ஆரோக்கிய அறையில் யாரையாவது உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சிரித்த முகமாக வேண்டும். நெவென்கா சாகோர்காவைக் கைகாட்டினாள். அந்த நாற்காலி மெத்தென்று இருந்ததாம். உட்கார்ந்ததும் சாகோர்காவுக்கு இடுப்பு வலி ஒரு நிமிஷம் விட்டுப்போனதாம். அவள் சிரித்தாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் கம்பெனி வாசலில், ஆளைவிடப் பெரிதாக, சாகோர்காவின் முகம். இடைவெளி விழுந்த பல்லோடு, வெள்ளை நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து: "இங்கே இருக்கும்போது என் வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறேன். சாகோர்கா, தையல் பிரிவு."

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாங்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டோம். சாகோர்கா இரண்டு முறை படித்தாள்.

"நான் எப்படி இதச் சொன்னேன்? யாருகிட்டடி சொன்னேன்?"

பின்னால் வந்த இஸ்திரிக்காரர்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "என்னக்கா, வீட்ல இருக்கிற மாதிரியே இருக்காமே. அப்ப சாயந்திரம் பிளாகோயண்ணனுக்கு இங்கயே சமைச்சுடுவீங்களா?" என்றான் ஒருவன்.

"எங்க வீட்ல கக்கூஸ் போக யாரும் டோக்கன் கேக்கறதில்லடா" என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு அவள் நேரே கிளிகோரின் அறைக்குப் போனாள். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன்.

"டைரக்டர் சார், அந்தப் படத்த எடுத்துடுங்க. அது என் பேச்சு இல்ல."

"நல்லாத்தானே இருக்கீங்க படத்துல. பத்து வயசு குறைஞ்ச மாதிரி."

"மூஞ்சி என்னுது சார். வார்த்த என்னுது இல்ல."

"எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறாங்க, நீங்க அவங்க சார்பா சொல்றீங்க. ஷிப்மென்ட் வாரம் சாகோர்கா. மெஷின் சும்மா நிக்குது பாருங்க."

அறை என்ன ஆனது என்று கேட்பீர்கள். படம் எடுத்த அன்றே பூட்டிவிட்டார்கள். பையர் ஆட்கள் வருகிற நாளில் திறப்பார்கள். வெள்ளை நாற்காலி அழுக்காகிவிடக் கூடாதாம். சாவி தாமராவிடம் இருந்தாலும் கிளிகோரைக் கேட்காமல் திறக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த தண்ணீர், இந்தப் பக்கம் நாங்கள். யோசித்துப் பாருங்கள்.

ஜூலை வந்தது. வார்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க அடுப்பாக எரிந்த கோடை அது. பையர் ஆட்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்ததால் டார்கெட்டை ஏற்றியிருந்தார்கள். சாகோர்காவுக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. ஒருமுறை டோக்கனுக்குப் போனாள், யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி போனாள். டோக்கன் ஆணியில்தான் தொங்கியது, ஆனால் நெவென்கா கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இந்த பண்டல முடிச்சிட்டுப் போ. உன்னால பின்னாடி அத்தன பேரும் நிக்கிறாங்க."

"நெவென்கா, முடியலடி. உடம்பு சரியில்லன்னு உனக்குத் தெரியும்."

"எல்லாருக்குந்தான் முடியல. எனக்கு மட்டும் முடியுதா? காலையிலேருந்து நான் போயிருக்கேனா?"

அதுவும் உண்மைதான். நெவென்காவும் போகவில்லை. அதைப் பெருமையாக நினைக்கும்படி அவளை ஆக்கிவைத்திருந்தார்கள், அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

சாகோர்கா வந்து உட்கார்ந்தாள். காலரை எடுத்தாள், ஊசிக்குக் கீழே வைத்தாள். பிறகு அவள் கை நின்றது. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே சிமென்ட் தரையில் ஈரம் பரவியது.

ஒரு மெஷின்கூட நிற்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்காததுபோல் இருப்பதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதை என்று எல்லோரும் நினைத்தோம். நான் என் மேல்துணியை எடுத்து அவள் மடியில் போட்டேன். நெவென்கா வந்தாள். தரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாயில் வந்தது பழக்கமான வார்த்தைதான்.

"வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா. அந்த நேரத்தச் சம்பளத்துல கழிச்சுக்கலாம்."

சாகோர்கா எழுந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாசல் பக்கம் போவாள் என்று நினைத்தோம். அவள் எங்களைக் கடந்து, ஈரப் பாவாடையோடு, சுற்றிப் போகாமல் கூடத்தின் நடுவாலேயே நடந்து ஆரோக்கிய அறைக் கதவின் முன் நின்றாள். எதிர் மேஜையில் தாமரா.

"தொற."

தாமரா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கை தானாகப் போனுக்குப் போனது. இரண்டு பொத்தானை அழுத்தியவள், போனை வைத்துவிட்டாள். டிராயரிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

சாகோர்கா உள்ளே போய் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் இயந்திரத்தில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். இன்னொன்று குடித்தாள். பிறகு பாயில் பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கட்டிங் பக்கம் போய் மீதித்துணியில் ஒரு நீளத் துண்டை எடுத்துவந்து அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஏ.சி. குளிரால் என்று நினைத்தேன், தொட்டால் உடம்பு கொதித்தது.

கிளிகோர் வந்துவிட்டார். பின்னால் நெவென்கா.

"என்ன இது? யாரு தொறந்தது?"

"நான்தான் சார்" என்றாள் தாமரா. "ஆரோக்கிய அறைன்னு எழுதியிருக்கு. இவங்களுக்கு ஆரோக்கியம் சரியில்ல."

"அந்த நாற்காலி என்ன வெலைன்னு தெரியுமா? அடுத்த வாரம் ஆளுங்க வர்றாங்க. சாகோர்கா, எழுந்திருங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

சாகோர்கா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். வாசல்ல எழுதி வச்சிருக்கீங்களே, இதுதான் என் வீடுன்னு."

"இது விளையாட்டு இல்ல."

"நான் அம்பதத் தொடப் போற பொம்பள, என் மெஷின்ல ஒண்ணுக்குப் போயிட்டேன். இதுல விளையாட்டு எங்க இருக்கு, நீங்க சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கூடத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்று. பட்டன் வைக்கும் பெண் முதலில் எழுந்து வந்தாள். கிளிகோரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பிறகு அடுத்தவள். பிறகு வரிசை. தண்ணீர் குடித்தவர்கள் டோக்கன் எடுக்காமல் நேரே கக்கூஸுக்குப் போனார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. தாகம் தீர்ந்த பெண்கள் கக்கூஸுக்குப் போனார்கள். இதைத்தான் மறுநாள் கம்பெனி நோட்டீசில் 'சட்டவிரோத வேலைநிறுத்தம்' என்று போட்டார்கள்.

நெவென்கா பாய் ஓரத்தில் குந்தினாள். "எழுந்திருடி. எனக்கு வேல போயிடும்" என்றாள் மெதுவாக.

"உனக்காகத்தான் இவ்ளோ வருஷம் எழுந்திருச்சேன்" என்றாள் சாகோர்கா. "இப்ப முடியல. ஆம்புலன்சக் கூப்பிடு."

ஆம்புலன்சைத் தாமரா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. மருத்துவர் ஒரு இளம்பெண். சாகோர்காவைத் திட்டியிருக்கிறாள், இவ்வளவு நாள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று. பிளாகோய் அந்த மருத்துவரிடம் டோக்கனைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்து சுவரைக் குத்தினார். கை வீங்கி அவருக்கும் கட்டுப் போட்டார்கள்.

தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தார். வருவதற்கு முன்பே போன் செய்துவிட்டு வந்தார். அவர் வந்தபோது ஜன்னல் ஆணிகள் பிடுங்கப்பட்டிருந்தன, ஆரோக்கிய அறை திறந்திருந்தது, நெவென்காவின் மேஜையில் ஆணிக்குப் பதில் காலண்டர். கிளிகோரின் அறையில் காபி குடித்துவிட்டு, குறை எதுவும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் மெஷினைத் தாண்டித்தான் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாகோர்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேலைநீக்க உத்தரவு வீட்டுக்குப் போனது. காரணம்: கம்பெனிச் சொத்துக்குச் சேதம். அந்த நாற்காலி. தாமராவையும் அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாதது எது தெரியுமா? வாசலிலிருந்து அவள் படத்தை அப்போது எடுக்கவில்லை. ஆளைத் துரத்திவிட்டு முகத்தை வைத்துக்கொண்டார்கள். பையர் ஆட்கள் வந்தபோது அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கிளிகோரோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் தினமும் அவளைக் கடந்து உள்ளே போனோம்.

ஊரில் தையல் பெண்களுக்காக ஒரு சங்கம் உண்டு. அங்கே ஒரு வக்கீலம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிளாகோய் சாகோர்காவை அங்கே கூட்டிப்போனார். அவளுக்கு இஷ்டமில்லை. "எல்லார் முன்னாடியும் அதத் திரும்பச் சொல்லணுமா நான்?" என்று கேட்டிருக்கிறாள். சொல்ல வேண்டும் என்றார் வக்கீலம்மா. சொன்னாள். கோர்ட்டில் நீதிபதி, குமாஸ்தா, கிளிகோர், கம்பெனியின் இரண்டு வக்கீல்கள் எல்லோருக்கும் முன்னால், தரையில் ஈரம் பரவியதைத் தன் வாயால் சொன்னாள். குரல் உடையவில்லை. கைப்பையின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கிளிகோர் சத்தியம் செய்தார்: எங்கள் கம்பெனியில் டோக்கன் என்று ஒன்று இருந்ததே இல்லை, எந்தப் பெண்ணும் எந்த நேரமும் யாரையும் கேட்காமல் கழிப்பறைக்குப் போகலாம், எப்போதும் அப்படித்தான். நெவென்காவைக் கூப்பிட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல" என்றாள். சாகோர்கா அவளைப் பார்க்கவே இல்லை. டோக்கன் இருந்தது என்று நானும் பட்டன் பெண்ணும் தாமராவும் சொன்னோம். எழுத்தில் விதி ஏதும் இருக்கிறதா என்றார் நீதிபதி. இல்லை. அப்படியானால் நிரூபணம் இல்லை என்றார்.

அப்போது வக்கீலம்மா அந்த வாசல் படத்தின் பிரதியை எடுத்து மேஜையில் விரித்தார். "இதுக்கு இவங்க சம்மதம் வாங்கினீங்களா? இந்த வார்த்தைய இவங்க எப்ப சொன்னாங்க?" கிளிகோர் பக்கத்து வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் தாள்களைப் புரட்டினார். சம்மதம் எதுவும் இல்லை. வார்த்தையை ஸ்கோப்யேவில் ஏதோ விளம்பர ஆள் எழுதியிருக்கிறான்.

தீர்ப்பு வந்தது. ஒருத்தியின் முகத்தை அவள் சம்மதமில்லாமல் பயன்படுத்தியதும், சொல்லாததைச் சொன்னதாகப் போட்டதும் தவறு. படத்தை அகற்ற வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும். வேலைநீக்க வழக்கு தனியாக மேல்கோர்ட்டுக்குப் போய் இன்னும் அங்கேயே தூங்குகிறது. அவள் முகத்துக்குச் சட்டம் இருந்தது. அவள் சிறுநீரகத்துக்கு இல்லை. கோர்ட் படியில் நின்று நான் இதைச் சொல்லிக் கத்தினேன். பிளாகோய் என் தோளைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

ஆனால் கிளிகோர் ஒன்றை யோசிக்கவில்லை. தீர்ப்புக்கு அப்புறம் வந்த கோடை விடுமுறை முடிந்து திரும்பினபோது நெவென்கா வேலையை விட்டுப் போயிருந்தாள். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு நீல வில்லையை மேஜையில் வைத்து, "ஒரு ஒழுங்குக்காக" என்று ஆரம்பித்தாள்.

பட்டன் பெண் எழுந்து நின்றாள். "அது என்ன மேடம்?"

"டோக்கன்."

"அப்படி ஒண்ணு இந்தக் கம்பெனியில இருந்ததே இல்லன்னு டைரக்டர் கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்கார். நீங்க இருக்குங்கறீங்க. ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க, போட்டோ எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பறேன்."

எங்கள் லைனில் எல்லோரும் போனை எடுத்தோம். அந்த வில்லை மேஜைக்கு அடியில் போனது, அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. இன்று நாங்கள் கேட்காமல் போகிறோம், கேட்காமல் வருகிறோம். அதைப் பெரிய வெற்றி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றுக்குப் போவதற்கு ஒரு பெண் தன் உடம்பில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

சாகோர்கா இப்போது ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். கனமான பானையைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தலைமைச் சமையல்காரி அவளைத் தூக்க விடுவதில்லை, காலை வேலை முடிந்ததும் உட்காரவைத்துச் சாப்பிடவைக்கிறாள். ஆரம்பத்தில் சாகோர்காவுக்கு அது புரியவில்லையாம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நின்றுகொண்டே சாப்பிட்டாளாம். தாமரா குமானோவோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்கிறாள். நெவென்கா ஒருமுறை கையில் பேக்கரிப் பொட்டலத்தோடு சாகோர்காவின் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். பிளாகோய்தான் கதவைத் திறந்தார். "அவ தூங்கறா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் தூங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்போது எப்படி என்று பிளாகோயைக் கேட்டேன். முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் முழுசாகப் போகவில்லை என்றார்.

கம்பெனியில் ஆரோக்கியம் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. எல்லோர் போனிலும் ஒரு செயலி ஏற்றச் சொன்னார்கள். காலையில் மெஷினில் உட்காரும்போது 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும். கீழே சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று வரிசையாக இருக்கும், ஒன்றை அழுத்த வேண்டும். யார் எதை அழுத்தினாள் என்று ஆபீசுக்குத் தெரியும். அதனால் எங்கள் கம்பெனி முழுக்க எல்லோரும் சிரிக்கிறோம்.

போன மாதம் சாகோர்காவைப் பார்க்கப் போனபோது இதைக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீ எத அழுத்தற?"

"சிரிக்கிறதத்தான்க்கா. வேற எத அழுத்தறது?"

"நாளைக்கு உண்மையானத அழுத்து" என்றாள். "பக்கத்துல இருக்கறவளையும் அழுத்தச் சொல்லு. ஒருத்தி மட்டும் அழுத்தினா உன்னத்தான் புடிப்பாங்க."

மறுநாள் நாங்கள் லைனோடு அழுகிற முகத்தை அழுத்தினோம். மதியத்துக்குள் கிளிகோர் கீழே இறங்கி வந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். ஃபேன் ஓடவில்லை என்றோம். ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஆள் வரவில்லை. நாங்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறோம்.